பொன் வெளுத்த கொட்டகை

எண்பத்தாறாம் வருஷம் மழை பொய்த்தது. கேழ்வரகுப் பயிர் கதிர் பிடிக்காமலே கருகி நின்றதும், மதலேனம்மாளின் புருஷன் ஸ்தனிஸ்லாஸ் வேலை தேடித் தெற்கே போய்விட்டான். அங்கே புதிதாக ஓர் அனல் மின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் புகைபோக்கிக்குச் சாரம் கட்டுகிற கூட்டத்தில் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்து தலைகாட்டிவிட்டு, சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவான்.

மதலேனம்மாள் வீட்டில் முடங்குகிறவள் இல்லை. வாய் ஓயாமல் பேசுவாள், சிரித்தால் தெருக்கோடி வரை கேட்கும். கோயிலில் பாட்டெடுத்துக் கொடுப்பவள் அவள்தான். அவள் முதல் அடியை எடுத்த பிறகே மற்றவர்கள் வாய் திறப்பார்கள். கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி யாராவது இழுத்தால், "மாதா குடுக்கறப்ப குடுக்கட்டும், நீங்க ஏன் கவலப்படறீங்க" என்று ஒரே வார்த்தையில் வாயடைத்துவிடுவாள்.

அவள் வேலைக்குப் போன இடத்தை ஊரில் 'அந்தக் கொட்டகை' என்றுதான் சொல்வார்கள். பாப்பாரப்பட்டியிலிருந்து பென்னாகரம் போகும் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, புளியமரங்களுக்குப் பின்னால், கருங்கல் சுவரும் தகரக் கூரையுமாக நின்றது. முன்பு கடலை எண்ணெய் ஆட்டிய மில் அது. மில் நின்றுபோன பிறகு சும்மா கிடந்ததை, நிலத்துக்காரர் பெரியண்ணன் ஒரு வெளியூர்க்காரருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். வந்தவர் பெயர் தர்மன். வடக்கே எங்கேயோ நிலக்கரி எரிக்கிற மின் நிலையத்தில் இன்ஜினியராக இருந்து, பாதியில் வேலையை விட்டுவிட்டு வந்தவர். ஒண்டிக்கட்டை. எல்லோருக்கும் அவர் 'இன்ஜினியர் சார்'.

கொட்டகைக்குள் செங்கல்லால் கட்டிய ஒரு சின்ன உலை இருந்தது. அதில் நிலக்கரி எரிப்பார்கள். புகை ஒரு தகரக் குழாய் வழியாக நீண்டு போய், ஒரு பெட்டியைக் கடந்து, பிறகு தண்ணீர்த் தொட்டியில் குமிழியிட்டு, கடைசியில் கூரைக்கு மேலே வெளியேறும். பெட்டிக்குள் வைப்பதைத் தயார் செய்வதுதான் மதலேனம்மாளின் வேலை. தேன்கூடு மாதிரி கண்கண்ணாகத் துளையிட்டுச் சுட்ட மண் கட்டிகளைப் பச்சை நிறத் தாமிர உப்புக் கரைசலில் முக்கி, காயவைத்து, மறுபடி சூடேற்றி எடுக்க வேண்டும்.

முதல் நாளே அவள் கேட்டுவிட்டாள்: "இது எதுக்குங்க சார்? புகையப் போயி யாராச்சும் கல்லுல வடிகட்டுவாங்களா?"

தர்மன் சிரித்தார். அப்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு வரும்.

"நிலக்கரியில துளித்துளி பாதரசம் இருக்கும்மா. எரிச்சா அது ஆவியாப் போயிடும். எந்தத் தண்ணியிலயும் கரையாது, எந்த வலையிலயும் சிக்காது. அதே புகையில கொஞ்சம் உப்புக்காத்தும் வரும். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல ஓடினாலும் ஒண்ணையொண்ணு கண்டுக்காது. சேர்ந்துட்டா உப்பா மாறும், தண்ணியில கரையும், புடிச்சுக்கலாம். பென்னாகரம் சந்தையில மாட்டுத் தரகர பாத்திருப்ப இல்ல? வாங்கறவனையும் விக்கறவனையும் சேர்த்து வெச்சுட்டு, அவரு துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டு அடுத்த மாட்டுக்குப் போவாரு. இந்தக் கல்லும் அப்படித்தான். சேர்த்து வைக்கும், தான் செலவாகாது."

"புடிக்காம வுட்டா என்னாங்க ஆவும்?"

"மேல போனது எங்கேயோ கீழ எறங்கும். ஏரியில, ஆத்துல. அங்கேருந்து மீனுக்கு. மீன்லேருந்து ஆளுக்கு. ஜப்பான்ல கடலோரத்துல ஒரு ஊரே அப்படிக் கெட்டுப்போச்சு. அங்க ஆலைத் தண்ணியில போச்சு. இங்க புகையில போகும்னு நான் சொல்றேன். கேக்கத்தான் ஆள் இல்ல."

இவ்வளவு சின்ன உலையில் எரிகிற கரியில் இருக்கும் பாதரசம் சோதனைக்குப் போதாது. அதனால் ஓர் இரும்புக் கிண்ணத்தில் தனியாகப் பாதரசத்தைச் சூடேற்றி, அந்த ஆவியையும் புகையோடு கலந்து அனுப்புவார். குழாயின் கடைசியில் ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் எதையோ வைத்து மூடியிருப்பார். அதை அவர் மட்டும்தான் எடுப்பார், பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார், முகம் தொங்கிப் போய்த் திரும்பி வருவார். அவள் அதைக் கிட்டே போய்ப் பார்த்ததில்லை.

அவளுக்கு முன்னால் அங்கே வேலை செய்தவன் மாரப்பன். பக்கத்து ஊர்க்காரன், நல்ல உழைப்பாளி. உலைக்குக் கரி போடுவதும் பாதரசக் கிண்ணத்தை இறக்கி ஏற்றுவதும் அவன் வேலையாக இருந்தது. அவனுக்குத்தான் கொட்டகையில் பேய் பிடித்தது போல் 'பயம் கோளாறு' ஆகிவிட்டது. உலைக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கினான். பிறகு கை நடுங்கியது. ஆட்களைக் கண்டால் கூசி ஒளிந்துகொண்டான். பெண்டாட்டி காசியம்மாள் சோறு போட்டால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டான். திடீரென்று தட்டை எடுத்து வீசினான். புளியமரத்து முனி அடித்துவிட்டது என்று முடிவு கட்டி, அவனை ஒரு கோயிலுக்குக் கூட்டிப்போய், உடுக்கை அடித்து, முடியை ஆணியில் சுற்றி மரத்தில் அறைந்துவிட்டு வந்தார்கள். அவனுக்கு ஒன்றும் விட்டபாடில்லை.

"நீ கிறிஸ்துவச்சி, உன்ன ஒண்ணும் பண்ணாது" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். மதலேனம்மாளும் அப்படித்தான் நம்பினாள். வாசற்படியில் கால் வைக்கும்போது நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டுதான் உள்ளே போவாள்.

கோடை ஏறியது. தகரக் கூரை காய்ந்து, உள்ளே உலையும் எரிந்து, கொட்டகை கொதித்தது. தூசி உலைக்குள் போகக்கூடாது என்று தர்மன் ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்திருந்தார். அந்த நாட்களில்தான் முதலில் அவள் வாயில் ஒரு ருசி தங்கியது. பித்தளைச் சொம்பை நக்கியது போல. களி தின்றாலும், புளி கரைத்துக் குடித்தாலும் அது போகவில்லை. தூக்கம் கெட்டது. காரணமில்லாமல் அழுகை வந்தது. பக்கத்து வீட்டுக்காரி சும்மா "சாப்புட்டியா மதலே" என்று கேட்டதற்குக் கண்ணில் நீர் முட்டி, பதில் சொல்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்திய பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டெடுக்க எழுந்து நின்றாள். எல்லோரும் தன்னையே பார்ப்பதுபோல் உடம்பு கூசியது. முதல் அடியிலேயே குரல் உடைந்து ஆட, பாதியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தாள். சாமியார் திரும்பிப் பார்த்தார். வேறொருத்தி பாட்டைத் தொடர்ந்தாள்.

மறுநாள் கொட்டகையில் கட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, தன் முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்கிற உணர்வு வந்தது. திரும்பினாள். யாரும் இல்லை. தர்மன் வெளியே கரி உடைக்கிற சத்தம் கேட்டது. மறுபடி குனிந்தாள். மறுபடியும் அது வந்து நின்றது. இந்த முறை இன்னும் கிட்டே. மூச்சு விடாமல், தொடாமல், சும்மா நிற்கிற ஒன்று. அவள் கையிலிருந்த கட்டி நழுவி உடைந்தது. விரல்களைப் பார்த்தாள். ஆடிக்கொண்டிருந்தன.

மாரப்பனைப் பிடித்தது தன்னையும் பிடித்துவிட்டது என்று அப்போது அவளுக்குத் தோன்றியது. அதை வாய்விட்டுச் சொல்ல ஆள் இல்லை. புருஷன் வந்து பல வாரம் ஆகியிருந்தது. நிலத்தில் விதைக்க ஈரம் இல்லை. வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால், அந்த வீட்டுக்குள்ளும் அது வராது என்று என்ன நிச்சயம்?

தாலி வெளுத்திருப்பதை அவள் குளிக்கும்போதுதான் கண்டாள். கயிற்றுக்கு மஞ்சள் பூச மார்பிலிருந்து எடுத்துப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சிலுவை பொறித்த சின்னத் தாலி. அதன் ஓரத்தில் பொன்னிறம் போய், வெள்ளீயம் பூசியது போல் ஒரு வெண்மை படர்ந்திருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை. புளி வைத்துத் தேய்த்தாள். மற்ற இடம் பளபளத்து, வெளுத்த இடம் இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

தாலி நிறம் மாறினால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஸ்தனிஸ்லாஸ் மேகத்தைத் தொடுகிற உயரத்தில் சாரத்தின் மேல் நிற்கிறவன். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அன்றிலிருந்து யார் எதிரிலும் முந்தானையை விலகவிடவில்லை. ஒவ்வொரு நாளும் வெண்மை கொஞ்சம் கொஞ்சமாக உள்நோக்கி நகர்ந்து, சிலுவையைத் தொட்டது.

பொறுக்க முடியாமல் அவள் காசியம்மாளைத் தேடிப் போனாள். இருவருக்கும் அதுவரை பெரிய பழக்கம் இல்லை. சந்தையில் பார்த்தால் சிரித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மாரப்பன் மாட்டுக்கொட்டாயின் பின்சுவரை ஒட்டிக் குந்தியிருந்தான். இவள் வருவதைக் கண்டதும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். வாயோரம் எச்சில் வழிந்து துண்டு நனைந்திருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கறன், மறைக்காம சொல்லு. அண்ணனுக்கு மொதல்ல என்னா ஆச்சு?"

"என்னான்னு சொல்றது மதலே... வாயெல்லாம் கசக்குதும்பாரு. தூங்க மாட்டாரு. பின்னால யாரோ நிக்கறாங்கம்பாரு." காசியம்மாள் புருஷன் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஈறெல்லாம் ரத்தமா வந்துச்சு. பல்லுகூட ரெண்டு வுழுந்துடுச்சு."

மதலேனம்மாள் முந்தானையை விலக்கித் தாலியை எடுத்துக் காட்டினாள்.

காசியம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். எழுந்து உள்ளே போய், துணியில் முடிந்து வைத்திருந்ததை எடுத்து வந்து அவிழ்த்தாள். மாரப்பனின் கடுக்கன். காதில் கிடந்த தங்கக் கடுக்கன் இரண்டும் அலுமினியம் போல வெளுத்திருந்தன.

"அவரு காதுல கெடக்கறப்பவே இப்பிடி ஆயிடுச்சு. அது தொட்டா பொன்னு வெளுத்துப் போவும்னு பூசாரி சொன்னாரு. கழட்டி வெச்சுட்டன்." காசியம்மாளின் குரல் இறங்கியது. "நீ அங்க போவாத. இன்னியோட நின்னுடு."

சுவரோரத்திலிருந்து மாரப்பன் ஏதோ முனகினான். இருவரும் திரும்பினார்கள். துண்டுக்குள்ளிருந்து தெளிவில்லாமல் வந்தது அந்தக் குரல்: "உள்ள... இன்னும் உள்ளதான் கீழ கெடக்குது."

அவன் சொன்னதன் பொருள் அன்று அவர்களுக்குப் புரியவில்லை.

மறுநாள் காலையில் அவள் கொட்டகையின் படி ஏறவில்லை. வெளியே புளியமரத்தடியில் நின்று கூப்பிட்டாள்.

"சார், நான் நின்னுக்கறன். உள்ள ஒண்ணு இருக்குது சார். மாரப்பண்ணன் கடுக்கன வெளுக்க வெச்சுது. இப்ப என் தாலியையும் தொட்டுடுச்சு."

தர்மன் உலைக்கரி படிந்த கையோடு வெளியே வந்தார். "என்னது வெளுத்துச்சு?"

"தாலி."

"கழட்டிக் குடு, பாப்போம்."

"கழட்ட மாட்டன் சார்." அவள் குரல் கீச்சிட்டது. "அவுரு உசுரோட இருக்கறப்ப நான் ஏன் கழட்டணும்?"

தர்மன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். "தப்பா சொல்லிட்டேம்மா. நீயே புடிச்சுக் காட்டு."

கயிறு இறுகும் வரை அவள் தாலியை முன்னே நீட்டிப் பிடித்தாள். அவர் தொடாமல், பூதக்கண்ணாடியைக் கொண்டு வந்து குனிந்து பார்த்தார். அவர் கையிலிருந்த கண்ணாடி ஆடியது. அவள் கையும் ஆடியது. இரண்டு நடுக்கமும் சந்தித்த இடத்தில் அந்த வெள்ளைச் சிலுவை நிற்காமல் குதித்தது.

அவர் நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. உள்ளே போய்க் குழாயின் கடைசியிலிருந்த கண்ணாடிக் குப்பியை எடுத்து வந்து அவளிடம் காட்டினார். அதற்குள் ஒரு துண்டு தங்கரேக்கு இருந்தது. கோயில் சிற்பங்களுக்கு ஒட்டுகிற மெல்லிய தகடு. அதுவும் பாதி வெளுத்திருந்தது.

"பாதரசம் தப்பிச்சு வந்தா தங்கத்துல ஒட்டிக்கும். ஒட்டினா வெளுக்கும். அதுக்குத்தான் நான் இத இங்க வெச்சுப் பாத்துட்டு இருந்தேன். தெனமும் இந்தக் குப்பியையே பாத்துட்டு இருந்தேன்." அவர் தன் விரல்களை விரித்துப் பார்த்தார். "வயசாவுது, டீ அதிகமாக் குடிக்கறேன், அதான் ஆடுதுன்னு நெனச்சேன்."

பேட்டரி லைட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மதலேனம்மாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். அவர் தரையில் மண்டியிட்டு, வெளிச்சத்தைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தார். பழைய மில்லின் கருங்கல் தளம் அது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த ஒவ்வொரு சந்திலிருந்தும் சின்னச் சின்னதாக ஒளி திரும்பிப் பார்த்தது. கடுகளவு, எள்ளளவு, அதற்கும் சின்னதாக, உலையைச் சுற்றி, அவள் உட்கார்ந்து வேலை செய்யும் இடத்தைச் சுற்றி, எங்கே பார்த்தாலும் மணிமணியாக உருண்டை உருண்டையாகப் பாதரசம். ஒவ்வொரு முறை கிண்ணத்தை இறக்கும்போதும் சிந்தியது. இண்டு இடுக்கெல்லாம் போய் உட்கார்ந்து, கோடையின் சூட்டில் கண்ணுக்குத் தெரியாமல் எழுந்து, மூடிய கொட்டகைக்குள் நிறைந்திருந்தது. இரும்புக் கிண்ணத்தின் மூட்டிலும் மயிரிழை போல ஒரு விரிசல் இருந்தது. அதைக் கடைசியில்தான் கண்டுபிடித்தார்.

மாரப்பன் சொன்ன 'கீழ கெடக்குது' அதுதான்.

பேய் இல்லை என்று தெரிந்ததும் மனம் லேசாகும் என்றுதான் மதலேனம்மாள் எதிர்பார்த்தாள். ஆகவில்லை. முதுகுக்குப் பின்னால் நின்றது இப்போது மூச்சுக்குள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது போல் இருந்தது. காசியம்மாளிடம் போய்ச் சொன்னபோது அவள் கேட்டாள்:

"பேயா இருந்தா வெரட்டியிருப்பன். இத எங்க போயி வெரட்டறது?"

அன்று சாயங்காலமே தர்மன் ஒரு வாடகைக் கார் பிடித்து வந்து மாரப்பன் வீட்டு வாசலில் நின்றார். காசியம்மாள் அவரை உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை. மண்ணை வாரித் தூற்றுவாள் என்று மதலேனம்மாள் பயந்தாள். காசியம்மாள் அதைச் செய்யவில்லை. அவர் ஆடுகிற கைகளைப் பார்த்தாள், புருஷன் கைகளைப் பார்த்தாள், புடவை மாற்ற உள்ளே போனாள். சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் மாரப்பனைச் சேர்த்தார்கள். தர்மனே எல்லாவற்றையும் டாக்டரிடம் இங்கிலீஷில் சொன்னார். டாக்டர் அவரையும் உட்கார வைத்து நாக்கை நீட்டச் சொன்னார். மதலேனம்மாளை விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். மூவருக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாரப்பனை மட்டும் வார்டில் வைத்துக்கொண்டார்.

அங்கிருந்து மதலேனம்மாள் வீட்டுக்குத் திரும்பவில்லை. புருஷனைக் கண்ணால் பார்த்தால்தான் அவளுக்கு மனம் அடங்கும். பஸ் மாறிப் போய் மின் நிலையத்தின் வேலிக்கு வெளியே நின்று ஆளனுப்பினாள். ஸ்தனிஸ்லாஸ் சிமெண்டுத் தூசியோடு ஓடி வந்தான்.

"ஏம்புள்ள, என்னா ஆச்சு? வூட்ல யாருக்காச்சும்...?"

அவள் அவன் முழங்கையைப் பிடித்துப் பார்த்தாள், காதோரத்தைத் தொட்டுப் பார்த்தாள். வாசலில் நின்ற காவல்காரன் பார்க்கிறானே என்று அவன் கூசினான்.

"ஒண்ணுமில்லீங்க. பாக்கணும்னு இருந்துச்சு."

அவனுக்குப் பின்னால் புகைபோக்கி வானத்தைக் குத்திக்கொண்டு நின்றது. அவன் பெருமையாகக் கையைத் தூக்கிக் காட்டினான். "அத பாத்தியா? நாங்க கட்டுனதுதான். இந்த வருஷமே கொளுத்தப் போறாங்க. நாலு ஜில்லாவுக்கும் கரண்டாம்." அவள் அதன் உச்சியைப் பார்த்தாள். ஒரு கைக்கிண்ணத்துக்கே மூன்று உயிர் ஆடிப்போயிருக்கிறது. கலக்கிற பாதரசம் வேறு, கரியில் இருப்பது வேறு; கரியில் இருப்பது தூசிக்கும் கீழே என்று தர்மன் சொல்லியிருந்தார். ஆனால் இங்கே கரி மலைமலையாகக் குவிந்திருந்தது. எத்தனை வருஷம் எரிப்பார்கள் என்று கேட்டாள்.

"நம்ம ஆயுசுக்கும்" என்றான் அவன்.

தாலியைப் பற்றி அவனிடம் சொன்னாள். அவன் குனிந்து பார்த்துவிட்டுச் சிரிக்க முயன்றான். சிரிப்பு சரியாக வரவில்லை. "அந்தக் கொட்டகைக்கு இனிமே போவாத" என்றான்.

அவள் போனாள். ஊருக்குத் திரும்பிய வாரத்தில், தர்மன் தனியாகக் கொட்டகையைக் கழுவிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனாள். ஜன்னல் பலகைகளையெல்லாம் பிடுங்கி எறிந்திருந்தார். கோழியிறகால் ஒவ்வொரு மணியாகச் சந்திலிருந்து கூட்டி எடுத்து, மிச்சத்தின் மேல் கந்தகப் பொடி தூவிக்கொண்டிருந்தார். அவள் வாசலிலேயே நின்றாள்.

"அந்தக் கல்லு வேல செய்யுமா, செய்யாதா? அத மட்டும் சொல்லுங்க சார்."

"மூட்டுல ஒழுகினதால எந்தக் கணக்கும் சரியா வரல. இன்னொரு தடவ பாத்தாத்தான் தெரியும்."

"அப்ப பாத்துடுங்க. வெளிய வெச்சுப் பாருங்க. நான் காத்துக்கு மேக்கால நிக்கறன்."

உலையை வெட்டவெளியில் புதிதாகக் கட்டினார்கள். மூட்டுகளை வெல்டிங் வைத்து அடைத்தார் பாப்பாரப்பட்டிப் பட்டறைக்காரர். பாதரசத்தை மிகக் கொஞ்சமாக எடுத்தார்கள். ஒரு நல்ல வெயில் நாளில் கரியைக் கொளுத்தினார்கள். மேல்காற்று வீச, புகை எல்லாம் அவர்களை விட்டு விலகிக் கீழ்த்திசையில் போனது. முதலில் பூசாத வெறுங்கல்லை வைத்தார்கள். புதுத் தங்கரேக்கு மத்தியானத்துக்குள் வெளுத்தது. பிறகு தாமிர உப்பு பூசிய கல்லையும் வேறொரு புது ரேக்கையும் வைத்தார்கள். பொழுது சாய்ந்தது. தர்மன் குப்பியைத் திறந்தார். இடுக்கியைப் பிடிக்க அவர் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. அவளிடம் கொடுத்தார். அவள் கை அவ்வளவு ஆடவில்லை, மாத்திரை வேலை செய்திருந்தது. ரேக்கை மெல்ல வெளியே இழுத்து அந்தி வெயிலில் பிடித்தாள்.

மஞ்சள். ஓரத்தில்கூட ஒரு வெளுப்பு இல்லை.

அவர் தரையில் உட்கார்ந்து முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். சந்தோஷப்படுகிறாரா, அழுகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி கேட்டாள்:

"அப்ப பாதரசம் அத்தனையும் இந்தத் தண்ணியிலதான் கெடக்குதுங்களா?"

"ஆமாம்மா."

"இத எங்க வெக்கறது?"

அவர் தலை நிமிராமலே, "அதுதான் எனக்கும் தெரியல" என்றார்.

தொட்டித் தண்ணீரில் கந்தக உப்பைக் கலக்க, கறுப்பு வண்டலாக எல்லாம் அடியில் இறங்கியது. அதையும் தரையில் கூட்டியதையும் மிச்சமிருந்த பாதரசத்தையும் ஊறுகாய் ஜாடிகளில் அடைத்து, மெழுகு ஊற்றி மூடி, கொட்டகைக்குப் பின்னால் சிமெண்டுப் பூச்சு பூசிய ஒரு குழியில் இறக்கி, மேலே கனமாகச் சிமெண்டு போட்டு மூடினார்கள். இருவரும் மட்டும்தான் இருந்தார்கள். மூடி முடித்த பிறகு அவள் ஒரு 'அருள்நிறைந்த மரியே' ஜெபம் சொன்னாள். சவத்தைப் புதைத்தால் சொல்வதுதான் அவளுக்கு வாயில் வந்தது.

தர்மன் எழுதிப்போட்டதைப் பார்த்து மெட்ராஸ் மின்சார ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். இளநீர் குடித்தார்கள், ரேக்கைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள், நல்லவிதமாகத்தான் பேசினார்கள். "புகையில பாதரசம் இவ்வளவுதான் இருக்கணும்னு சட்டம் எதுவும் கேக்கலையே சார். கேக்காத ஒண்ணுக்கு யார் செலவு பண்ணுவாங்க?" என்றார் ஒருவர். ஜீப் கிளம்பிப் போன புழுதி அடங்கும் வரை தர்மன் ரோட்டிலேயே நின்றிருந்தார். அந்த மழைக்காலத்துக்குள் அவர் கோயம்புத்தூரில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே படுக்கையில் விழுந்ததாகவும், கடைசியில் யாரையும் அடையாளம் தெரியாமல் போனதாகவும் பிறகு கேள்விப்பட்டார்கள்.

மாரப்பன் வீடு திரும்பினான். எச்சில் வடிவது நின்றது, ஆட்களைப் பார்த்துப் பேசினான், ஆடு மேய்க்கப் போனான். சட்டைப் பொத்தானைப் போட மட்டும் காசியம்மாள் வேண்டும். மதலேனம்மாள் மறுபடி கோயிலில் பாடினாள், ஆனால் கூட்டத்தோடு சேர்ந்து. பாட்டெடுக்க எழுந்து நிற்கவில்லை. முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்கும் உணர்வு முழுக்க விட்டுப்போகவே இல்லை. அடுப்பங்கரையில் குனிந்திருக்கும்போது சட்டென்று திரும்பிப் பார்ப்பாள். தெற்கே புகைபோக்கியிலிருந்து புகை வரத் தொடங்கியதாக ஸ்தனிஸ்லாஸ் சொன்ன நாளில் அவள் சாப்பிடவில்லை. அவன் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டான்.

எண்பத்தெட்டில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. கர்ப்பமாக இருந்த மாதமெல்லாம் அவள் பட்ட பயத்தை வெளியில் சொல்லவில்லை. குழந்தை தூங்கும்போது அதன் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். எல்லாக் குழந்தைகளுக்கும் தூக்கத்தில் விரல் துடிக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் அவள் நெஞ்சு நின்று ஓடும்.

குழந்தைக்கு முகம் பார்த்துச் சிரிக்கத் தெரிந்த சமயத்தில், பெரியண்ணன் கொட்டகையை இடித்துவிட்டு அங்கே தண்ணீருக்குப் போர் போடப் போகிறார் என்று சேதி வந்தது. அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். போர் லாரி ஏற்கெனவே வந்து, சரியாக அந்தச் சிமெண்டுப் பூச்சின் பக்கத்தில் நின்றிருந்தது. அவள் போய் நடுவில் நின்றாள்.

"இங்க போடாதீங்க."

"நகருமா. நீரோட்டம் பாத்து குச்சி போட்டுட்டுப் போயிருக்காங்க" என்றார் பெரியண்ணன்.

"இதுக்குக் கீழ அந்தப் பாதரசத்தப் பொதச்சு வெச்சிருக்குதுங்க. நானும் சாரும்தான் பொதச்சம்."

லாரிக்காரர்கள் சிரித்தார்கள். பெரியண்ணன் சிரிக்கவில்லை. மாரப்பனை அவர் பார்த்தவர். காலை அந்த இடத்திலிருந்து எடுத்துப் பின்னால் வைத்தார்.

"எத்தன வருஷத்துக்கு அது இப்பிடியே கெடக்கும்?"

"அதுக்குச் சாவு கெடையாதுன்னு சார் சொன்னாருங்க. நம்ம புள்ளைங்க காலத்துக்கும் இருக்கும், அதுங்க புள்ளைங்க காலத்துக்கும் இருக்கும். யாராச்சும் இங்க நின்னு சொல்லிக்கிட்டே இருக்கணும்."

அவர் லாரியைக் கிழக்கு மூலைக்கு, குழியை விட்டு வெகுதூரம் தள்ளி நகர்த்தச் சொன்னார். குச்சி போட்ட இடத்தை விட்டால் தண்ணீர் வராது என்று ஒருவன் முணுமுணுத்தான். பொழுதெல்லாம் பாறை உடைகிற சத்தம். வெள்ளைத் தூசி எழுந்து எல்லார் மேலும் படிந்தது. மதலேனம்மாள் குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, வேப்பமர நிழலில் நின்றபடியே இருந்தாள். சாயங்காலம் தண்ணீர் பீறிட்டது. பெரியண்ணனின் பெண்டாட்டி தீர்த்தம்மாள் ஒரு சொம்பில் பிடித்து வந்து எல்லோருக்கும் கொடுத்தாள். இவள் முறை வந்தபோது உள்ளங்கையில் வாங்கினாள். தண்ணீரைப் பார்த்தாள். முகர்ந்தாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குடித்தாள். கொஞ்சம் உப்புக் கரித்தது. இந்தப் பக்கத்துத் தண்ணீர் எல்லாமே அப்படித்தான்.